சொரசொரப்பின் தூரம்

ஒரே கேலக்ஸி ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது. ஆனால் அவள் திரையில் அது அப்படித்தான் இருந்தது. நடுப்பகுதி மூன்றரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பதாகச் சொன்னது கணக்கு. ஓரமோ ஏழு கோடியைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருந்தது.

அவளை ஆபீசில் எல்லோரும் ‘ஆடிட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தணிக்கைக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மங்கலான கேலக்ஸிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளப்பது அவள் வேலை. யார் எந்த எண்ணைக் கொண்டுவந்து நீட்டினாலும் “இதை இன்னொரு தடவை பாக்கலாமா?” என்று கேட்பாள்; அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

தொலைநோக்கி இருந்த மலை இங்கிருந்து வெகு தூரம். அவளுடைய குழு வேலை செய்ததோ நகரத்தின் நடுவே, கீழ்த்தளத்தில் பல் மருத்துவமனை இருக்கிற ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் என்றால் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இவர்கள் காலையில் சாப்பாட்டுப் பையோடு வந்து, திரையில் வெயில் விழாமலிருக்க ஜன்னலை மூடிவிட்டு உட்காருவார்கள். வானத்தை ஆராய்கிறவர்கள் முதல் வேலையாக வானத்தை மறைப்பதைப் பற்றிப் பல் மருத்துவமனைக்காரர்களுக்கு ஒரு நிரந்தரச் சிரிப்பு இருந்தது.

அவள் அளக்கிற முறை கேட்டால் எளிது, செய்தால் முதுகு ஒடியும். தூறல் தொடங்கியதும் நடைபாதைக் கற்களைப் பார்த்தால் ஒரு கல்லில் நாலு துளி விழுந்திருக்கும், பக்கத்துக் கல்லில் ஒன்றுகூட இருக்காது. மழை வலுத்த பிறகு பார்த்தால் எல்லாக் கல்லும் ஒன்றுபோல நனைந்திருக்கும். கேலக்ஸியின் படமும் அந்த மாதிரிதான். படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்கள். கேலக்ஸி கிட்டே இருந்தால் ஒரு கட்டத்துக்குள் கொஞ்சம் நட்சத்திரங்களே விழும். ஒன்றில் கூட, ஒன்றில் குறைய, படம் சொரசொரவென்று இருக்கும். தள்ளிப் போகப் போக ஒவ்வொரு கட்டத்திலும் நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொள்ளும். ஏற்றத்தாழ்வு மறைந்து படம் வழவழப்பாகிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் சொரசொரப்பு பாதியாகும். தனி நட்சத்திரம் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்க முடியாத கேலக்ஸிக்கும், இந்தச் சொரசொரப்பை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம்.

இப்போது திரையில் இருந்ததற்குக் குழுவில் வைத்த பெயர் ‘பேய்’. கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற புகை மாதிரி ஒரு மங்கல். நான்கு மாதத்துக்கு முன்பு அவள் அதன் மொத்தச் சொரசொரப்பை அளந்து, ஆறரைக் கோடி ஒளியாண்டு என்று சொன்னபோது குழுவே எழுந்து நின்றது. அவ்வளவு தூரத்தில் அந்த அளவு தெரிகிறது என்றால் பேயின் அகலம் நம் பால்வீதி அளவு. நட்சத்திரங்களோ பால்வீதியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு தேறாது. இத்தனை பெரிய வீட்டில் இத்தனை குறைவான ஆட்களா? சுவர்களை எது தாங்கிப் பிடித்திருக்கிறது?

அந்தக் கேள்வியை விண்வெளித் தொலைநோக்கியிடம் கேட்பதற்கு ஒரு விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலையோடு கெடு முடிகிறது. விண்ணப்பத்தின் தலைமைப் பெயர் அவளுடையது. அடுத்தவர்களின் கட்டுரைகளில் நாலாவதாகவும் ஏழாவதாகவும் வந்து வந்து பழகிப்போன பெயர், முதல் தடவையாக முதல் இடத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்தப் பக்கத்தை ஏதோ சரிபார்ப்பதுபோலத் திறந்து பார்ப்பாள்.

குழுத் தலைவிதான் கேட்டிருந்தார்: பேயை வளையம் வளையமாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனியாகத் தூரம் போட்டு ஒரு படம் வை, பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று. நேர்கோடு வரும் என்று அலட்சியமாகப் போட்டுப் பார்த்தாள். கோடு மாடிப்படி மாதிரி ஏறியது.

மேடம் என்று எல்லோரும் அழைக்கும் அந்தத் தலைவி, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“இதுல என்ன அதிசயம்? நடுவுல இளவயசு நட்சத்திரங்கள் இருக்கும். அதெல்லாம் பளிச்சுனு இருக்கும், சொரசொரப்பு கூடும், கிட்ட இருக்கற மாதிரி காட்டும். அடிக்குறிப்புல ஒரு வரி எழுதிடு.”

“அப்படின்னா இளசோட நீலம் நடுவுல தூக்கலா இருக்கணுமே மேடம்.”

“இருக்கா?”

“இன்னும் பாக்கல.”

“பாரு. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள பாரு. ஆடிட் முடியறதுக்குள்ள கம்பெனிய இழுத்து மூடிடாதே.”

பார்த்தாள். பேய் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே நிறம். இளசும் இல்லை, கிழடும் இல்லை. அடிக்குறிப்பு போயிற்று.

அடுத்து அவள் போய் நின்றது பக்கத்து மேஜையில். அங்கே இருந்தவருக்குக் குழுவில் ‘கள்ளநோட்டு’ என்று பெயர். போலிக் கேலக்ஸிகள் செய்வது அவர் தொழில். கம்ப்யூட்டரில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோத்து, தூரத்தைத் தானே முடிவு செய்து, உண்மையான வானத்தின் படத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைப்பார். அவள் எது அசல், எது போலி என்று தெரியாமலே எல்லாவற்றையும் அளப்பாள். அளந்து முடித்த பிறகு அவர் தம் தூரங்களைச் சொல்வார். அவள் கணக்கு அதோடு ஒத்துப்போனால் முறை சரி, இல்லாவிட்டால் எங்கோ ஓட்டை. பேயின் தூரத்தைச் சொல்வதற்கு முன்னாலும் இந்தப் பரீட்சை நடந்தது. அவள் ஒன்றில்கூடத் தப்பவில்லை.

“உங்க போலிங்களயும் வளையம் வளையமா வெட்டிப் பாத்தேன்,” என்றாள்.

“என்ன ஆச்சு?”

“எல்லாம் நேர்கோடு. ஒண்ணுகூட ஏறல, இறங்கல.”

“பின்ன? நம்ம நோட்டு எந்த பேங்க்லயும் செல்லும்மா. அசல்தான் சந்தேகப்பட வேண்டியது.”

சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினாள். உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போலிகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அசல் மட்டும் முரண்டு பிடிக்கிறது. ஆகவே கணக்கில் கோளாறு இல்லை. அப்படியானால் அசலுக்கு நடந்தது ஏதோ ஒன்று போலிகளுக்கு நடக்கவில்லை. என்ன அது? பென்சில் நுனியைக் கடித்தபடி, பேயின் வெளிச்சம் வந்த வழியை முதலிலிருந்து மனதில் ஒருமுறை நடந்து பார்த்தாள். தொலைநோக்கியின் கண்ணாடி, கேமரா, மலையிலிருந்து வரும் கம்பி, வரிசையாக அடுக்கிய, இன்னும் யாரும் கைவைக்காத பச்சைப் படங்கள், அவற்றையெல்லாம் சேர்த்துச் சமைத்த ஒரே ஒரு முழுப் படம்.

நாற்காலியைச் சுழற்றினாள்.

“ஒண்ணு கேக்கறேன். உங்க ஆளுங்க எந்த வாசல் வழியா உள்ள வராங்க?”

கள்ளநோட்டு நிமிர்ந்தார். “புரியல.”

“போலிங்கள எந்த நிலையில படத்துக்குள்ள வைக்கறீங்க? பச்சைப் படத்துலயா, சமைச்ச படத்துலயா?”

“சமைச்சதுலதான். பச்சைப் படம் நானூத்திச் சொச்சம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் போய் வெச்சா எனக்குப் பேரன் பொறந்துடுவான்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். இருவரும் ஒரே சமயத்தில் நடைக்கோடியில் இருந்த கதவைப் பார்த்தார்கள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் சர்வர்களின் இரைச்சலும் குளிரும். வெளியே என்ன வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தவரைச் ‘சமையல்காரர்’ என்பார்கள். ஒன்றோடொன்று அரை மயிரிழை விலகியிருக்கும் பச்சைப் படங்களை நேராக்கி, குறுக்கே ஓடிய செயற்கைக்கோள்களின் கீறலை நீக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டி, கண்ணால் பார்க்கிற மாதிரி ஆக்கித் தருபவர். நல்ல வேலைக்காரர். தம் படத்தில் யாராவது விரல் வைத்தால் மட்டும் முகம் சுண்டிவிடும்.

“படத்துல என்ன குறை?” என்றார் எடுத்த எடுப்பிலேயே.

“குறைன்னு சொல்லல. கடைசியா என்னென்ன பண்ணீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.”

“எப்பவும் பண்றதுதான். போன வருஷத்துலேர்ந்து ஒரு வடிகட்டி சேத்திருக்கேன். தூசி தட்டறதுக்கு.”

“என்ன தூசி?”

“மங்கலான இடத்துல கட்டம் கட்டமா புள்ளியடிச்ச மாதிரி இருக்குமே, அது. பளிச்சுனு இருக்கறதை வடிகட்டி தொடாது. நட்சத்திரத்தையும் தொடாது, நீங்களே சோதிச்சுப் பாத்தீங்களே, எல்லாம் கூர்மையா இருக்குன்னு சொன்னீங்களே. சந்தேகத்துக்கு இடமான கட்டத்தை மட்டும் பக்கத்துக் கட்டங்களோட சமாதானம் பண்ணி வைக்கும்.”

அவளுக்கு ஆறரைக் கோடி கைநழுவுகிறதே என்றிருந்தது. ஆனால் அதோடு கூடவே, பூட்டில் சாவி திரும்பும்போது வருகிற ஒரு சந்தோஷமும் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

“சார், கட்டத்துக்குக் கட்டம் போடற அந்தச் சண்டையத்தான் நான் அளக்கறேன்.”

சமையல்காரர் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே” என்றார்.

“நானும் கேக்கல.”

“உங்க பேயைக் கண்டுபிடிச்சுக் குடுத்ததே அந்த வடிகட்டிதான். அது இல்லன்னா அப்படி ஒண்ணு இருக்கறதே யார் கண்ணுலயும் பட்டிருக்காது.”

அதுவும் உண்மை. தேடுவதற்கு அந்தப் படம் சரி. அளப்பதற்கு மட்டும் அது ஆகாது. நடுப்பகுதி கொஞ்சம் பளிச்சென்று இருந்ததால் வடிகட்டி அங்கே அவ்வளவாகக் கை வைக்கவில்லை. ஓரத்துக்குப் போகப் போக நன்றாக இழைத்துத் தள்ளிவிட்டது. சொரசொரப்பு போன இடமெல்லாம் தூரம் கூடியது. இது ஒரு ஊகம்தான். நிரூபிக்க வேண்டுமானால் போலிகளைப் பச்சைப் படங்களிலேயே புதைத்து, வடிகட்டி வைத்து ஒருமுறையும் வைக்காமல் ஒருமுறையும் சமைத்துப் பார்க்க வேண்டும்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகும்,” என்றார் சமையல்காரர். “அவசரம் இல்லன்னா திங்கட்கிழமை தரேன். நிதானமா பண்ணலாம்.”

அவர் எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சொன்னார். திங்கட்கிழமை என்றால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று இருந்துவிடலாம். கதவைப் பிடித்தபடி நின்றவள், “யோசிச்சு சொல்றேன்” என்றாள்.

வீட்டில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்ததற்கு இப்போது வட்டியும் முதலுமாகத் தானே பேசிக்கொண்டிருந்தார். கணவன் வேலையாக வெளியூர் போயிருந்ததால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவள் எதிரே உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்தாள்.

“என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பேய் பிடிச்சுடுச்சா?”

“பேய் பேயே இல்லையோன்னு தோணுது அத்தை.”

“ஐயையோ. சின்ன மாமாகிட்டே நேத்துதான் ஒரு மணி நேரம் சொன்னேன். ஆளில்லாத கேலக்ஸி, எங்க மருமகதான் கண்டுபிடிச்சான்னு. அவர் வயித்தெரிச்சல்ல போனையே வெச்சுட்டார்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடிகட்டி விஷயத்தைச் சொன்னாள். மாமியார் பாதியில் ஒரு போர்வையின் மறு முனையை அவள் கையில் கொடுத்தார். இருவரும் எழுந்து நின்று உதறி மடித்தார்கள்.

“அப்போ அது கிட்ட இருந்தா என்ன ஆகும்?”

“அகலம் பாதியாயிடும். வெளிச்சம் கால் பங்காயிடும். சாதாரணக் குட்டிக் கேலக்ஸி. அது மாதிரி ஆயிரம் இருக்கு. அதுக்குப் போய் விண்வெளித் தொலைநோக்கிய யாரும் தர மாட்டாங்க.”

“உன் பேரு முதல்ல இருக்குன்னியே, அது?”

“அது போயிடும்.”

“நீ சொல்லாட்டா?”

“இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. தொலைநோக்கி திரும்பிப் பாத்த அன்னிக்குத் தெரிஞ்சுடும்.”

“அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?”

“ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம்.”

“ஒண்ணரை வருஷம் பெருமையா இருக்கலாமே,” என்றார் மாமியார், கிண்டலா நிஜமா என்று தெரியாத குரலில். “எங்க டிபார்ட்மென்ட்ல தப்பான நம்பருக்கு லைன் குடுத்துட்டு, அந்தப் பக்கம் எடுக்கறவரைக்கும் கம்முனு இருப்பாங்க. பாதி நாள் யாரும் எடுக்க மாட்டாங்க, தப்பிச்சுடுவாங்க.”

அவள் போர்வையை அடுக்கின்மேல் வைத்தாள். உண்மையில் அவளைக் குடைந்துகொண்டிருந்தது நேர்மை என்கிற பெரிய சமாச்சாரம்கூட அல்ல. பேய் எங்கேதான் இருக்கிறது? இந்தக் கேள்வி காலுக்குள் போன சிறு முள் மாதிரி இல்லை, செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் உறுத்தியது. பதில் அந்த நானூறு பச்சைப் படங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. திங்கட்கிழமை வரை அதைப் பார்க்காமல் இருப்பது அவளால் ஆகிற காரியமா? ஆகாது. போனை எடுத்துச் சமையல்காரருக்கு இரண்டு வரி அனுப்பினாள்: வெள்ளிக்கிழமையே வேண்டும், போலிகளைக் கள்ளநோட்டு காலையில் கொண்டுவந்து தருவார்.

வெள்ளிக்கிழமை மதியம் மூவரும் ஒரே திரையைச் சுற்றி நின்றார்கள். கள்ளநோட்டு மூன்று கோடி ஒளியாண்டு தூரத்தில் செய்து புதைத்த ஒரு போலி, வடிகட்டி வழியாக வெளியே வந்தபோது ஆறே முக்கால் கோடி என்றது. அதை வளையமாக வெட்டியபோது அதே மாடிப்படி. வடிகட்டி இல்லாமல் சமைத்ததில் நேர்கோடு.

“இத்தனை நாளா என் நோட்டை நானே லாக்கருக்குள்ள வெச்சுட்டு, வாசல்ல காவல் பலமா இருக்குன்னு சர்டிபிகேட் குடுத்திருக்கேன்,” என்றார் கள்ளநோட்டு. யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பேயை அவள் கடைசியாகத்தான் அளந்தாள். பச்சையிலிருந்து நேரே வந்த படத்தில் அது இன்னும் மங்கலாக, புள்ளி புள்ளியாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. நாலு வளையம். நாலும் ஒரே எண்ணைச் சுற்றி நின்றன. மூன்று கோடி ஒளியாண்டு, நாற்பது லட்சம் கூடலாம், குறையலாம்.

மேடத்தின் அறையில் மூன்று நாற்காலிதான் இருந்தது. சமையல்காரர் உட்காராமல் அலமாரியில் சாய்ந்துகொண்டார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“ஆறரை தப்பு மேடம். மூணு கோடி. பேய் இல்ல, குட்டிக் கேலக்ஸி. விண்ணப்பத்துல இப்ப எழுத ஒண்ணும் இல்ல.”

மேடம் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“வடிகட்டி எப்போலேர்ந்து?”

“போன வருஷம் ஆரம்பத்துலேர்ந்து,” என்றார் சமையல்காரர்.

“அப்போ என்னோட கட்டுரையில இருக்கற ரெண்டு தூரமும்...”

“ஆமாம் மேடம்,” என்றாள் அவள். “அதையும் பாக்கணும்.”

“திருத்தம் எழுதணும்னு சொல்லு. பாக்கணுமாம்.” மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “புதன்கிழமையே அடிக்குறிப்புப் போட்டு முடிச்சிருக்கலாம். உன்ன யாரு நிறம் பாக்கச் சொன்னது?”

“நீங்கதான்.”

“சொல்லியிருக்கக் கூடாது.” மேடத்தின் உதட்டோரம் லேசாகக் கோணியது. அவர் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, முதலில் இருந்த பெயரை ஒருகணம் பார்த்துவிட்டு, அதை மூடினார். “சரி. மனசுக்குக் கஷ்டமா இருக்கா?”

“இருக்கு,” என்றாள் அவள். இருந்தது. வேறு எங்கேயாவது பார்க்கலாம் என்று அவள் சுவரில் மாட்டியிருந்த வானப் பகுதியின் பெரிய படத்தைப் பார்த்தாள். பேய் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக வைத்த தட்டு மாதிரி ஒரு பெரிய சுருள் கேலக்ஸி. அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பேய்க்கு ரொம்ப முன்னால் தற்செயலாக அதே திசையில் நிற்கும் ஒன்று என்று கணக்கிலேயே சேர்த்ததில்லை.

“மேடம், அந்தப் பெருசு எவ்வளவு தூரம்?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. மூணு கோடியே பத்து...” மேடம் பாதியில் நிறுத்தினார்.

“அப்போ இது அதோட ஆளு!” என்றார் கள்ளநோட்டு. “தனியா நிக்கல. அதோட குட்டி.”

“குட்டின்னா ஏன் இவ்வளவு பரந்து கிடக்கு?” என்றாள் அவள். எழுந்து படத்தருகே போயிருந்தாள். “பெருசு இழுத்துப் பிய்க்குதோ? இது அதுக்கு முன்னால நிக்குதா, பின்னாலயா?”

“நாப்பது லட்சம் கூடக் குறையன்னா எப்படிச் சொல்றது?” என்றார் கள்ளநோட்டு.

“குறைக்கணும்.”

“பின்னாலதான் இருக்கும்,” என்றார் சமையல்காரர் அலமாரியிலிருந்து நகர்ந்து வந்து. “முன்னால இருந்தா பெருசோட தூசி இதை மறைக்காது. பாருங்க, தூசி வழியா வந்த மாதிரி இந்தப் பக்கம் கொஞ்சம் சிவப்பா இல்ல?”

“முந்தாநாள்தான் ஒரே நிறம்னு பாத்தேன் சார்.”

“எந்தப் படத்துல பாத்தீங்க? என் வடிகட்டிப் படத்துலதானே?”

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கள்ளநோட்டு கையைத் தட்டிச் சிரித்தார். “ஆடிட்டரையே ஆடிட் பண்ணியாச்சு!” என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஓரங்களை மறுபடி எந்த நிறத்தில் அளப்பது, பெரியதன் வெளிச்சத்தை எப்படிக் கழிப்பது, கழித்தால் சொரசொரப்பும் கூடவே போய்விடாதா?

மேஜைமேல் மேடத்தின் போன் கெடு நேரத்துக்காக வைத்திருந்த மணியை அடித்தது. அவர் அதைப் பார்க்காமலே விரலால் அமர்த்திவிட்டு, நாற்காலியைப் படத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முதல்ல இதைச் சொல்லுங்க,” என்றார். “இந்தப் பக்கத்து வானத்துக்கு வேற வருஷத்துப் பச்சைப் படம் எவ்வளவு இருக்கு?”